மலிவான கொட்டேஷன்... யார் தலையில் விடியும்?

*அமெரிக்கக் குடியிருப்புச் சங்கங்கள் லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தால், அந்த ஒப்பந்தம் செல்லுமா? செல்லாவிட்டால் நஷ்டம் யாருக்கு?*

கலிபோர்னியாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக் கீழே விடும் தகர வாய்க்கால் பொருத்த வேண்டும். பெரிய வேலை இல்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்துக்காக, அதன் நிர்வாகத்தைக் கவனித்துவந்த நிறுவனம் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தது. அவரிடம் மாநில அரசின் லைசென்ஸ் இல்லை. தொழிலாளர் காப்பீடும் இல்லை. அவர் கூட்டிவந்த தொழிலாளி ஒருவர், வேலைக்கு வந்த முதல் நாளே படுகாயம் அடைந்தார்.

ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பது? வேலை செய்ய முடியாமல் போன காலத்துக்கு யார் ஈடு கட்டுவது? “எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, அவர் கான்ட்ராக்டரின் ஆள்” என்றுதான் யாரும் சொல்லத் தோன்றும். ஆனால், 2007-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. வேலைக்கு அமர்த்திய நிர்வாக நிறுவனமும், யாருக்காக அமர்த்தியதோ அந்தச் சங்கமும் அந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி முதலாளிகள்தான் என்றது தீர்ப்பு.

அமெரிக்காவில் குடியிருப்புச் சங்கப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய வழக்கு இது. சில ஆயிரம் டாலர் மிச்சம் என்று நினைத்துப் போடும் ஒரு கையெழுத்து, அந்த வளாகத்தில் வீடு வாங்கிய அத்தனை பேரின் பணத்தையும் பணயம் வைத்துவிடும்.

யார் இந்த எச்.ஓ.ஏ.?

அமெரிக்காவில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புச் சங்கங்கள் இருப்பதாகவும், 7 கோடிக்கும் அதிகமான மக்கள் அவற்றின்கீழ் வாழ்வதாகவும் மதிப்பிடப்படுகிறது. பேச்சுவழக்கில் இவற்றை எச்.ஓ.ஏ. என்பார்கள். இவற்றின் வளாகத்தில் வீடு வாங்கினால் சங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். விருப்பமில்லை என்று விலக முடியாது. மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். கூரை, வெளிச்சுவர், நீச்சல் குளம், நடைபாதை, வாகன நிறுத்தம் போன்ற பொதுச் சொத்துகளைச் சங்கம் பராமரிக்கும்.

இதை நடத்துவது போர்டு. உறுப்பினர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாறு பேர். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பகலில் மென்பொருள் நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ வேலை. மாலையில் சங்கக் கூட்டம். ஃப்ரீமாண்ட், சான் ஹோசே, இர்வைன், ஃபிரிஸ்கோ, எடிசன் என்று நம்மவர்கள் குடியேறிய ஊர்களில் இத்தகைய வளாகங்கள் ஏராளம். போர்டிலும் தமிழர்கள் உட்காருகிறார்கள். கட்டட வேலை தெரிந்தவர்கள் அபூர்வம். ஆனால், லட்சக்கணக்கான டாலர் பழுதுபார்ப்பு வேலைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மேஜையில் மூன்று கொட்டேஷன் வருகிறது. ஒன்று மற்ற இரண்டைவிட மிகக் குறைவு. “எனக்குத் தெரிஞ்ச ஆள்தான், போன வருஷம் என் வீட்டு பாத்ரூமை நல்லா பண்ணிக் கொடுத்தார்” என்று ஒருவர் சிபாரிசு செய்கிறார். கட்டணத்தை உயர்த்தினால் உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்களே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. தப்பு தொடங்கும் இடம் இதுதான். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை, விசாரிக்காத குறைதான்.

ஒப்பந்தம் செல்லுமா?

கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் வழங்க 1929 முதலே தனி வாரியம் இருக்கிறது. கூரை, மின்சாரம், பிளம்பிங், பெயின்டிங் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி வகை லைசென்ஸ். நான்கு ஆண்டு தேர்ந்த அனுபவம் காட்ட வேண்டும். 2023 முதல் 25,000 டாலர் பிணைப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான சில்லறை வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. 2025-க்கு முன்பு அந்த வரம்பு 500 டாலராக இருந்தது. அந்தச் சில்லறை வேலைக்கும் நகராட்சி அனுமதி தேவைப்படக் கூடாது, வேறு ஆள் வைத்துச் செய்யக் கூடாது. பெரிய வேலையை 900, 900 டாலராக உடைத்து பில் போட்டாலும் சட்டம் அதை ஒரே வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அம்மாநில வணிக, தொழில் சட்டத் தொகுப்பின் 7031-வது பிரிவுதான் இந்த விவகாரத்தின் மையம். அது இரண்டு காரியம் செய்கிறது. முதலாவது, லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்தவர், கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி. சொத்தின் மீது பாத்தியதை பதிவு செய்து வசூலிக்கும் வழியும் அவருக்கு அடைபட்டுவிடும். இரண்டாவது இன்னும் கடுமையானது: ஏற்கெனவே வாங்கிய பணத்தை முழுவதும் திருப்பித் தரும்படி வேலை கொடுத்தவர் வழக்குப் போடலாம். பொருள் வாங்கிய செலவைக் கழித்துக்கொள்கிறேன் என்று கான்ட்ராக்டர் கேட்க முடியாது.

நீதிமன்றங்கள் இதில் பெரும்பாலும் இரக்கம் காட்டியதில்லை. பாம் ஸ்பிரிங்ஸ் நகர நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குச் செயற்கை அலை எழுப்பும் குளம் அமைத்துக் கொடுத்தது நியூயார்க் நிறுவனம் ஒன்று. கலிபோர்னியா லைசென்ஸ் அதனிடம் இல்லை. எங்களை ஏமாற்றி வேலை வாங்கிவிட்டுப் பாக்கியைத் தரவில்லை என்று வழக்குப் போட்டது. மோசடி என்றே வைத்துக்கொண்டாலும் கூலி கிடையாது என்று 1991-ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2005-ல் இன்னொரு வழக்கு. அனஹைமில் டிஸ்னி ஹோட்டல் கட்டியபோது, இரும்பு வேலை எடுத்த ஒரு துணை ஒப்பந்ததாரர் லைசென்ஸ் கைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார். வேலை நடந்த காலம் முழுக்க, ஒரு நாள்கூட விடாமல், லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் வந்த பிறகு செய்த பகுதிக்கும் கூலி கேட்க முடியாது என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. கையெழுத்துப் போட்ட அன்று லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. வேலையில் கை வைத்த முதல் நாள் முதல் கடைசி நாள் வரை லைசென்ஸ் இருந்ததா என்பதுதான் கணக்கு.

எனவே, “ஒப்பந்தம் செல்லாது” என்று மொட்டையாகச் சொல்வது பாதி உண்மை. கான்ட்ராக்டர் கையில் அது வெறும் காகிதம். சங்கத்தின் நிலை வேறு. சட்டம் வந்ததே வேலை கொடுப்பவரைக் காப்பாற்றத்தான் என்பதால், வேலையைக் கெடுத்ததற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை சங்கத்திடம் அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே அமர்த்தியிருந்தாலும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2010-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை வேலை முடிந்த, அல்லது நின்ற நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட்டாக வேண்டும் என்று 2020-ல் இன்னொரு தீர்ப்பு காலவரம்பு விதித்தது.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் சங்கத்துக்கு லாபம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான கணக்கு. தெரிந்தே ஒருவரை வேலை வாங்கிவிட்டுப் பிறகு கூலியை மறுப்பது சட்டப்படி நடக்கலாம். நியாயப்படி நடக்கக் கூடாது. நடைமுறைக்கு வந்தாலும், தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது. லைசென்ஸ் இல்லாதவரிடம் பிணைப் பத்திரம் இல்லை, காப்பீடு இல்லை, பல நேரம் நிலையான விலாசமும் இல்லை. ஒழுகும் கூரையும் வக்கீல் பில்லும்தான் சங்கத்துக்கு மிச்சம். அந்தக் கூரையை மறுபடி போட, லைசென்ஸ் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

அடிபட்டால் முதலாளி யார்?

பணம் போனால் போகட்டும் என்றாலும், ஓர் உயிர் அப்படி அல்ல. கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2750.5-வது பிரிவு, லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்பவரைச் சுயேச்சையான கான்ட்ராக்டராக ஏற்பதில்லை. அவரை அமர்த்தியவரின் ஊழியராகவே எடுத்துக்கொள்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் 1985-லேயே இதை உறுதி செய்தது. அவர் கூட்டிவரும் ஆட்களுக்கும் அதே கதிதான். தகர வாய்க்கால் வழக்கில் சங்கம் சிக்கியது இந்த வழியில்தான்.

சங்கத்தின் பொதுக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. லைசென்ஸும் காப்பீடும் உள்ள கான்ட்ராக்டர்களையே அமர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடும் பாலிசிகள் உண்டு. காப்பீடு ஒதுங்கிக்கொண்டால், மிச்சத் தொகை சிறப்புக் கட்டணமாக ஒவ்வொரு வீட்டின் மீதும் ஏறும். அந்த முடிவில் பங்கே இல்லாத ஓய்வூதியக்காரரும், நேற்றுக் கடன் வாங்கி வீடு வாங்கிய இளம் தம்பதியும் சேர்ந்துதான் கட்ட வேண்டும்.

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒருவர் உண்டு. அன்றாடங்காய்ச்சியாக வந்து கூரையேறும் தொழிலாளி. பலர் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஏறச் சொன்னாலும் மறுக்க வழியில்லாதவர்கள். கொட்டேஷன் ஏன் குறைவாக இருந்தது? அந்த மனிதருக்காகக் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகை அதில் இல்லை. சங்கம் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அவருடைய பாதுகாப்புக்கான பணம். குறைந்த கொட்டேஷனை எடுப்பதற்கு முன் போர்டு நினைத்துப் பார்க்க வேண்டியது முதலில் இதைத்தான்.

போர்டுக்குப் பாதுகாப்பு எதுவரை?

சம்பளம் வாங்காமல் சேவை செய்பவர்களைச் சட்டம் ஒரேயடியாகக் கைவிடவில்லை. லா ஹோயாவில் ஒரு குடியிருப்பில் கரையான் தொல்லை. கட்டடம் முழுவதற்கும் புகை போடாமல், அரித்த இடங்களில் மட்டும் மருந்து அடிக்க போர்டு முடிவெடுத்தது. வீட்டுக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். 1999-ல் மாநில உச்ச நீதிமன்றம் போர்டின் பக்கம் நின்றது. நியாயமாக விசாரித்து, நல்லெண்ணத்தோடு, சங்கத்தின் நலனுக்காக எடுத்த முடிவில் நீதிமன்றம் மூக்கை நுழைக்காது என்றது.

இதில் ‘விசாரித்து’ என்பதுதான் உயிர்நாடி. கலிபோர்னியாவின் நிறுவனச் சட்டமும் இயக்குநர்களிடம் நியாயமான விசாரணையை எதிர்பார்க்கிறது. சம்பளமில்லா இயக்குநர்களின் சொந்தச் சொத்துக்குக் குடிமைச் சட்டம் தரும் பாதுகாப்புக்கும் நிபந்தனைகள் உண்டு: நல்லெண்ணம் இருக்க வேண்டும், படுமோசமான அலட்சியம் இருக்கக் கூடாது, சங்கம் போதிய காப்பீடு எடுத்திருக்க வேண்டும். நூறு வீடு வரை 5 லட்சம் டாலர், அதற்கு மேல் 10 லட்சம் டாலர். வாரியத்தின் வலைத்தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடிய லைசென்ஸைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர், “விசாரித்தேன்” என்று எப்படிச் சொல்வார்?

சிபாரிசுக்குப் பின்னால் சொந்த லாபம் இருந்தால் எதுவும் காப்பாற்றாது. லாஸ் வேகாஸில் 2000-களில் ஒரு கும்பல், பினாமிகள் பெயரில் வீடு வாங்கி, அவர்களைப் போர்டுகளில் அமரவைத்து, பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களையும் வழக்கு வேலைகளையும் தங்களுக்கு வேண்டியவர்களுக்குத் திருப்பிவிட்டது. மத்திய அரசு தொடுத்த வழக்குகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தண்டனைக்கு ஆளானார்கள்.

மாநிலம் மாறினால் சட்டம் மாறும்

ஃப்ளோரிடாவிலும் லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது. “உனக்கும்தான் தெரியுமே” என்று எதிர்தரப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று 2013-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. டெக்சாஸில் பொதுக் கட்டட கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் என்பதே கிடையாது. மின்சாரம், பிளம்பிங், ஏசி போன்ற தொழில்களுக்கு உண்டு. அங்கே சங்கம் தானே காப்பீட்டுச் சான்றையும் பழைய வேலைகளையும் அலசிப் பார்க்க வேண்டும். கலிபோர்னியா உறவினர் சொன்ன சட்டத்தை நம்பி டாலஸில் முடிவெடுப்பது ஆபத்து.

ஏன் இப்போது?

2015-ல் பெர்க்லியில் ஒரு வாடகைக் குடியிருப்பின் பால்கனி, உள்ளே மரம் மக்கிப்போனதால் இடிந்து விழுந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அதன் விளைவாக, சங்கங்கள் தங்கள் வளாகப் பால்கனிகளை ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று கலிபோர்னியா 2019-ல் சட்டம் போட்டது. முதல் பரிசோதனைக்குக் கெடு 2025 ஜனவரி 1. ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் மாண்டார்கள். சுமார் 1.5 கோடி டாலர் பழுதுபார்ப்புக்குச் சங்கம் அப்போதுதான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே பழைய கட்டடப் பரிசோதனையையும் சேமிப்பு நிதியையும் அம்மாநிலம் கட்டாயமாக்கியது.

இந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆனால், பரிசோதித்தால் பழுது தெரியும்; தெரிந்தால் செலவு வரும்; செலவு வந்தால் மலிவான ஆளைத் தேடும் ஆசையும் வரும். பேரிடர் வந்துவிட்டாலோ, லைசென்ஸ் இல்லாதவர்கள் வேன் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வருவார்கள். அரசு பேரிடராக அறிவித்த பகுதியில் லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்வதைக் கலிபோர்னியா கடுங்குற்றமாகவே வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிக் காட்டுத்தீ எரிந்த பகுதிகளுக்கும் அது பொருந்தும்.

கையெழுத்துக்கு முன்...

கலிபோர்னியா வாரியத்தின் வலைத்தளத்தில் லைசென்ஸ் எண்ணை அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதை மேலிருந்து கீழாக நிதானமாகப் படியுங்கள்.

● பெயர்: ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனப் பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒன்றுதானா? அடுத்தவர் எண்ணை இரவல் வாங்கி எழுதுவது பழைய தந்திரம்.

● நிலை: லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா, காலாவதியா? வேலை முடியும் தேதி வரை செல்லுமா? வேலை நடுவிலும் ஒருமுறை பாருங்கள்.

● வகை: கூரை வேலைக்குக் கூரை லைசென்ஸ். பெயின்டர் லைசென்ஸை வைத்துக்கொண்டு கூரை போட முடியாது.

● பிணை: பத்திரம் எந்த நிறுவனத்தில், எப்போதிலிருந்து?

● தொழிலாளர் காப்பீடு: “ஊழியர் இல்லை, விலக்கு” என்று திரையில் இருந்து, வாசலில் ஐந்து பேர் ஏணியோடு நின்றால், அங்கேயே வேலையை நிறுத்துங்கள். காப்பீட்டுச் சான்றைக் கான்ட்ராக்டர் கையிலிருந்து வாங்காமல், காப்பீட்டு நிறுவனத்திடமே நேராகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. “பெர்மிட்டை நீங்களே உங்க பேர்ல எடுத்துடுங்க” என்று கான்ட்ராக்டர் சொன்னால் உஷாராகுங்கள். உரிமையாளரே கட்டுகிறார் என்ற பெயரில் அனுமதி வாங்கினால், பொறுப்பு முழுவதும் சங்கத்தின் தலையில் வந்துவிடும்.

உறுப்பினர் என்ன செய்யலாம்?

போர்டில் இல்லாதவர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களையும் பில்களையும் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. எழுதிக் கேட்டால், நடப்பு ஆண்டு ஆவணங்களைப் பத்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். போர்டு கூட்டங்களுக்குப் போகலாம், பேசலாம். ஒப்பந்தப் பேச்சுவார்த்தையை மூடிய அறையில் நடத்த போர்டுக்கு அனுமதி இருந்தாலும், கையெழுத்தான ஒப்பந்தத்தை மறைக்க முடியாது.

கூட்டத்தில் கேளுங்கள்: “லைசென்ஸ் எண் என்ன? யார் சரிபார்த்தது? எந்தத் தேதியில்? அந்தப் பக்கத்தின் பிரதி மினிட்ஸில் சேர்க்கப்பட்டதா?” யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நேர்மையான போர்டுக்கு இந்தக் கேள்விகள் கவசம்தான்.

போர்டில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: லைசென்ஸையும் தொழிலாளர் காப்பீட்டையும் சரிபார்த்த பிரதி இணைக்கப்படாத எந்த ஒப்பந்தத்திலும் தலைவரோ நிர்வாக நிறுவனமோ கையெழுத்துப் போடக் கூடாது. இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. செலவு அதிகமான கொட்டேஷனைத் தேர்ந்தெடுத்ததற்காக உறுப்பினர்கள் கோபப்பட்டால், காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். விசாரிக்காமல் போட்ட கையெழுத்துக்குச் சொல்ல எந்தக் காரணமும் இருக்காது.